காத்துல வரும்னு சொன்னியே

சிந்தியா: கடையில வெச்சு நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? "இந்த லேப்டாப்புக்கு ஒயரே வேணாம், சிந்தியா"ன்னு சொன்ன. "அப்போ இன்டர்நெட் எதுல வரும்"னு கேட்டேன்.

டிரேவர்: "காத்துல வரும்"னு சொன்னேன்.

சிந்தியா: "மழை பெஞ்சா?"ன்னு கேட்டேன்.

டிரேவர்: "நனைஞ்சுக்கிட்டே வரும்"னேன். கடைக்காரன்கூட சிரிச்சான்.

சிந்தியா: நான் சிரிக்கல. கடைசியா ஒண்ணு சொன்னியே...

டிரேவர்: "வரலன்னா கூப்பிடு, நான் மாடிலதானே இருக்கேன்."

சிந்தியா: கூப்பிட்டாச்சு. நீயும் இறங்கி வந்து ஒரு மணி நேரம் ஆச்சு. காத்து மட்டும்தான் வருது. அதுவும் ஃபேன்ல இருந்து.

டிரேவர்: ரீஸ்டார்ட் பண்ணியா?

சிந்தியா: பண்ணேன்.

டிரேவர்: மோடத்தை ஆஃப் பண்ணி...

சிந்தியா: ஆஃப் பண்ணி, பத்து வரைக்கும் எண்ணி, ஆன் பண்ணேன். அடுத்து என்ன, ஒத்தக் கால்ல நிக்கணுமா?

கேத்தரின்: டிரேவர்... கிச்சன்ல நிக்கறேன்பா, கையெல்லாம் மாவு. நெட்டு வந்துச்சா இல்லியா? நாலு மணிக்கு மெல்போர்ன்ல இருந்து மாப்பிள்ளை வந்துடுவாரு.

சிந்தியா: அம்மா, மாப்பிள்ளை இல்ல, லெஸ்லி. நான் இன்னும் முகத்தைக்கூடப் பாக்கல.

கேத்தரின்: அதுக்கோசரம்தானேடி கேமரா வெச்ச லேப்டாப்பா பாத்து வாங்கினது. டிரேவர், ராத்திரி பூரா அமெரிக்காக்காரனுக்கெல்லாம் போன்லயே நெட்டு சரி பண்றே. கீழ் வீட்டு ஆன்டிக்கு நேர்ல உக்காந்து பண்ண மாட்டியா?

டிரேவர்: பாத்துக்கிட்டே இருக்கேன், ஆன்டி. மோடம் மேல லேஸ் துணி போட்டது யாரு?

கேத்தரின்: நான்தான். தூசி விழும்ல.

டிரேவர்: இது என்ன, கீபோர்டெல்லாம் வெள்ளைப் புள்ளி?

சிந்தியா: தீர்த்தம். புதுப் பொருளாச்சேன்னு அம்மா கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய் ஃபாதர்கிட்ட மந்திரிச்சுட்டு வந்தாங்க. மூடி வெச்சு மந்திரிச்சிருக்கலாம். ஃபாதர் திறக்கச் சொல்லிட்டாராம்.

டிரேவர்: உள்ளயும் ஆசீர்வாதம் போகணும்ல.

சிந்தியா: போயிருக்கு. "எஸ்" ஒட்டிக்கிச்சு. அழுத்தினா வரவே மாட்டேங்குது. லெஸ்லின்னு அடிச்சா லெலின்னு வருது.

டிரேவர்: லெலி... நல்லாதான் இருக்கு. பிஸ்கட் பேரு மாதிரி.

சிந்தியா: உனக்கு ஏன் இவ்ளோ சந்தோஷம்?

டிரேவர்: யாருக்கு? எனக்கா? பேரை வெச்சு நான் ஒருத்தரைக் கிண்டல் பண்ணுவேனா? நேத்து ஷிஃப்ட்ல ஒரு அமெரிக்காக்காரி, "உன் நிஜப் பேரைச் சொல்லு"ங்கறா. டிரேவர்தான்மா எங்கப்பா வெச்ச பேருங்கறேன், நம்பவே மாட்டேங்கறா. பக்கத்து சீட்டு வெங்கடராமன் "நான் வின்சென்ட்"ங்கறான், உடனே நம்பிட்டா.

சிந்தியா: பேச்சை மாத்தாத. மணி மூணரை ஆகுது.

டிரேவர்: இந்த மாதிரி நேரத்துல நாங்க கஸ்டமரை ஹோல்டுல போட்டுடுவோம். ஒரு பாட்டு ஓடும். அவங்களும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க.

சிந்தியா: அது உனக்குக் கைவந்த கலை. வருஷக்கணக்காப் போடுவ.

டிரேவர்: என்னது?

சிந்தியா: ஒண்ணும் இல்ல. ஸ்கிரீனைப் பாரு.

டிரேவர்: பாக்கறேன்...

சிந்தியா: டிரேவர், காலைல மாடில இருந்து அம்மாவுக்கு கிரிக்கெட் ஸ்கோர் சொன்னியே. அது எதுல பாத்த?

டிரேவர்: என் கம்ப்யூட்டர்ல. நெட்ல.

சிந்தியா: இதே மோடத்துல இருந்துதானே உனக்கும் வருது? எங்க ஷோகேஸ்ல இருந்து மாடி ஏறி உனக்கு வருது. ஷோகேஸ் பக்கத்துல உக்காந்திருக்கற எனக்கு வரல.

டிரேவர்: சிக்னல்னா அப்படித்தான். கொஞ்சம் மேல் நோக்கிப் போகும்.

சிந்தியா: சாம்பிராணிப் புகையா?

டிரேவர்: அந்த லேஸ் துணியை எங்க வெச்சேன்...

சிந்தியா: நான் ஸ்கூல்ல டீச்சர்பா. பிட்டை சாக்ஸ்ல வெச்சிருக்கறவன் எப்படி முழிப்பான்னு எனக்குத் தெரியும். சொல்லு.

டிரேவர்: மெதுவாப் பேசு, ஆன்டி காதுல விழும். மோடத்துல ஒரு வசதி இருக்கு. எந்தக் கம்ப்யூட்டரை உள்ள விடணும், எதை விடக்கூடாதுன்னு மேல இருந்தே சொல்லி வெக்கலாம்.

சிந்தியா: என்னோடதை என்ன சொல்லி வெச்ச?

டிரேவர்: விடக்கூடாதுன்னு.

சிந்தியா: எப்போ?

டிரேவர்: வெள்ளிக்கிழமை. ஆன்டி கேசரி எடுத்துட்டு மேல வந்தாங்க. "ஞாயித்துக்கிழமை பையன் கேமராவுல பொண்ணு பாக்கறான், நீதான் கூட இருந்து பாத்துக்கணும்"னாங்க. கேசரியைச் சாப்பிட்டேன். அப்புறம்... போட்டுட்டேன்.

சிந்தியா: ஏன்?

டிரேவர்: கேசரில சக்கரை ஜாஸ்தி.

சிந்தியா: டிரேவர்.

டிரேவர்: இரு, மேல போய் அந்தத் தடையை எடுத்துட்டு வரேன். சில்லறைத்தனம் பண்ணிட்டேன். உனக்கு வர்ற நல்லதை நான் எதுக்கு மறிக்கணும்? ரெண்டே நிமிஷம்.

கேத்தரின்: யாரு படியில தடதடன்னு ஓடறது? அவனா?

சிந்தியா: ஆமா. மேல ஏதோ எடுக்கப் போயிருக்கான். இந்தத் தட்டு எதுக்கும்மா? பஜ்ஜியைக் கம்ப்யூட்டர்ல எப்படிக் குடுப்ப?

கேத்தரின்: குடுக்க வேணாம், தெரிஞ்சா போதும். பொண்ணு பாக்கறவன் முன்னாடி மேசையை வெறுசா வெப்பாங்களா? கேமராவுக்கு நேரா வை. வாழைக்காய் எந்தப் பக்கம் வருது பாரு.

சிந்தியா: அவரு பாத்து முடிச்சப்புறம்?

கேத்தரின்: டிரேவர் சாப்பிடட்டும். பாவம், வீட்டுப் பிள்ளையாட்டம் ஓடறான். ராத்திரி வேலை, பகல் தூக்கம்... இவனுக்கு எவ கிடைக்கப் போறாளோ.

சிந்தியா: நீ குடுப்பியா?

கேத்தரின்: என்ன, பஜ்ஜியா?

சிந்தியா: பொண்ணு.

கேத்தரின்: வாயைத் திறந்து கேட்டாதானே குடுக்கறதா வேணாமான்னு யோசிக்கலாம். வாடகை குடுக்க வர்றான், தண்ணி வரலன்னு சொல்ல வர்றான், வேற எதுக்கும் வந்ததில்ல. கேக்காதவனுக்கு நான் என்னடி பதில் சொல்றது? நகரு, எண்ணெய் காயுது.

டிரேவர்: வந்துட்டேன்... எடுத்தாச்சு. இப்போ பாரு, வரும்.

சிந்தியா: வரல.

டிரேவர்: வராம எப்படி?

சிந்தியா: நீயே பாரு. சிவப்புப் பெருக்கல் குறி.

டிரேவர்: மாதா மேல சத்தியமா எடுத்துட்டேன், சிந்தியா.

சிந்தியா: மாதாவை இழுக்காத. உன் தொழிலை இழு.

டிரேவர்: பாஸ்வேர்டு அடி. "எஸ்" இருக்கா அதுல?

சிந்தியா: இல்ல.

டிரேவர்: மோடத்துல லைட்டு எரியுது... துணியையும் எடுத்தாச்சு... அந்த மனுஷன் அங்க டை கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். இது என்ன கிரிக்கெட்டா, மழைன்னு தள்ளி வெக்க...

கேத்தரின்: நம்ம காக்ஸ் டவுன் ஏரியால கரண்ட் போகாத ஒரே ஞாயித்துக்கிழமை இது. அதுலயும் நெட்டு இல்லியா? டிரேவர், வந்துச்சுன்னா நீ கேமராவுக்குப் பின்னாடி நின்னுக்கோ. முன்னாடி வந்துடாத, அவரு தப்பா நினைச்சுப்பாரு.

டிரேவர்: சரி, ஆன்டி. பின்னாடியே நிக்கறேன்.

சிந்தியா: அது உனக்குப் பழக்கம்தானே.

டிரேவர்: குத்திக் குத்திப் பேசாத. கொஞ்சம் லேப்டாப்பைத் தூக்கு.

சிந்தியா: எதுக்கு?

டிரேவர்: முன்பக்க ஓரத்துல பொடியா ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைத் தள்ளினா வயர்லெஸ்ஸே செத்துடும். ராத்திரி பூரா ஊர் உலகத்தையே முதல்ல கேக்கறது அதுதான். உன்கிட்ட கேக்கத் தோணல.

சிந்தியா: தூக்க முடியாது.

டிரேவர்: ஏன்?

சிந்தியா: கனமா இருக்கு.

டிரேவர்: கையை எடு, சிந்தியா... ஆஃப்ல இருக்கு.

சிந்தியா: ஓ.

டிரேவர்: இது தானா ஆஃப் ஆகாது. நகத்தால நெம்பணும்.

சிந்தியா: நகம் இருக்கே எனக்கு.

டிரேவர்: நீயா? எப்போ?

சிந்தியா: வியாழக்கிழமை. அம்மா உனக்கு முன்னாடி என்கிட்டதானே சொன்னாங்க.

டிரேவர்: வெள்ளிக்கிழமை நான் பிளாக் பண்ணும்போதே... அப்போ நான் பண்ண பாவம்?

சிந்தியா: வேஸ்ட். முழுசா.

டிரேவர்: அடிப்பாவி. ஒரு மணி நேரமா ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட்னு என்னைப் படுத்தினியே.

சிந்தியா: கேளு. நேத்து மனசு கேக்கல. அம்மா பாவம்னு ஸ்விட்சைப் போட்டுட்டேன். அப்பவும் வரல.

டிரேவர்: வராது. நான்தான் பூட்டி வெச்சிருந்தேனே.

சிந்தியா: இங்க மோடத்துல லைட்டு எரியுது, மேல உன் ரூம்ல நெட்ல பாட்டு ஓடுது. எனக்கு மட்டும் வரல. அப்போதான் புரிஞ்சுது, இந்த வீட்டுல இன்னொருத்தருக்கும் இந்தச் சம்பந்தம் பிடிக்கலன்னு. ஸ்விட்சைத் திரும்ப ஆஃப் பண்ணிட்டு, பாடிக்கிட்டே பேப்பர் திருத்தினேன். ஃபெயில் ஆக வேண்டிய பையன்கூட பாஸ் ஆயிட்டான்.

டிரேவர்: அப்போ இன்னிக்கு என்னை எதுக்குக் கூப்பிட்ட?

சிந்தியா: நீயா சொல்வியான்னு பாக்க. கேசரில சக்கரை ஜாஸ்தின்னு சொன்ன.

கேத்தரின்: கடைசி ஈடும் எடுத்தாச்சு. மணி நாலு. டிரேவர், என்னதான்பா ஆச்சு?

டிரேவர்: ப்ராப்ளம் எங்கன்னு தெரிஞ்சுடுச்சு, ஆன்டி.

கேத்தரின்: அப்புறம் என்ன, சரி பண்ணிடு.

சிந்தியா: கேட்டுச்சா?

டிரேவர்: கேட்டுச்சு. ஆனா எங்க ஆபீஸ்ல ஒரு ரூல். கஸ்டமர் போனை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டே ஆகணும். கேக்கலன்னா எனக்கு மார்க் போயிடும்.

சிந்தியா: மார்க் போடறது நான்தான். கேளு.

டிரேவர்: வேற ஏதாவது உதவி வேணுமா, மேடம்?

சிந்தியா: வேணும். லெஸ்லிக்கு நான் சாரி சொல்லிக்கறேன், "எஸ்" இல்லாம ஆரின்னு போனாலும் போகட்டும். நீ கிச்சனுக்குப் போ. பஜ்ஜி ஆறிப்போறதுக்குள்ள... எங்கம்மாகிட்ட என்னைப் பொண்ணு கேளு, டிரேவர்.