கைக்கும் திரைக்கும் நடுவில் ஒரு வரி

இந்த அறையின் ஏ.சி.யை ஒரு புள்ளி ஏற்றிவைத்தால் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கும். உள்ளே வந்து உட்கார்ந்ததும் நான் நினைத்தது அதைத்தான். சொல்லவில்லை. உங்கள் அறை, நீரஜா, கம்பெனியும் உங்களுடையது. தவிர, நீங்கள் கேட்டது வேறு கேள்வி. சுஹாஸின் கம்ப்யூட்டரில் அந்த வரியை எழுதியது நான்தானா, ஏன் எழுதினேன் என்று கேட்டீர்கள்.

நான்தான். ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த விஷயமே நிதானத்தைப் பற்றியது.

நீங்கள் கணக்குப் பக்கத்திலிருந்து வந்தவர், அதனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். டெர்மினல் என்பது ஒரு கறுப்புத் திரை. அதில் படம், பொத்தான் எதுவும் கிடையாது. கட்டளையைத் தட்டினால் வேலை நடக்கும். கட்டளை ஞாபகமிருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் பக்கத்தில் யாரையாவது கேட்க வேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்தில் இந்த ஆபீஸ் ஆரம்பித்ததிலிருந்து அந்த யாராவது நான்தான்.

"ரஞ்சனிக்கா, எல்லா ஃபைல்லயும் ஒரே நேரத்துல தேடறதுக்கு என்னவோ சொன்னீங்களே" என்று வருவார்கள். என் மேஜைக்கு எதிரே அதற்கென்றே ஒரு நாற்காலி கிடந்தது. உட்கார்ந்தால் கட்டளையோடு எழுந்து போக மாட்டார்கள். மாமியார், பிள்ளையின் ஸ்கூல் அட்மிஷன், மந்தைவெளியில் வாடகை ஏறிய கதை, எல்லாம் பேசிவிட்டுத்தான் போவார்கள். பெரிய தொந்தரவு. பாதி நாள் என் வேலையே ஓடாது. வீட்டில் எனக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. வீட்டில் நான் மட்டும்தான்.

அப்புறம் சுஹாஸ் வேலைக்குச் சேர்ந்தான். நல்ல பையன். மயிலாப்பூரில் அம்மாவோடு இருக்கிறான். சிலர் திங்கட்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருவதுபோல் இவன் ஒரு புதுக் கருவியோடு வருவான். எப்போதோ தட்டிய கட்டளையில் நாலு எழுத்து ஞாபகமிருந்தால் போதும், மீதியைத் தேடிக் கொடுக்கும் கருவி ஒன்று. தப்பாகத் தட்டினால் இதைத்தானே நினைத்தாய் என்று கேட்டுத் திருத்தும் கருவி இன்னொன்று. எந்தக் கட்டளையை எப்படிப் பயன்படுத்துவது என்று உதாரணத்தோடு விளக்குவது ஒன்று.

"அக்கா, இன்னுமா அந்தப் பழசை வெச்சுண்டிருக்கேள்? இதைப் போட்டுப் பாருங்கோ. பறக்கும்."

எல்லோருடைய மெஷினிலும் போட்டுக் கொடுத்தான். நான் நியாயமாகப் பேசுகிறவள். ஒவ்வொன்றையும் வீட்டில் போட்டுச் சோதித்துப் பார்த்தேன். குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு குறையாவது இருந்திருக்கலாம்.

கொஞ்ச நாளில் என் மேஜைக்கு யாரும் வருவது நின்றது. நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருந்த ஒரு மத்தியானம், டெஸ்டிங் பார்க்கும் வலியுல்லா வந்து நின்றார். நிமிர்ந்தேன்.

"யக்கா, இந்த சேரு சும்மாதானே கீது? மீட்டிங் ரூம்ல ஒண்ணு கொறயுது. எத்துகினு போறேன்."

"எடுத்துக்கோங்க" என்றேன். சும்மாதான் இருந்தது.

அன்று சாயங்காலம் அந்த வரியை எழுதினேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

வரி சின்னதுதான். ஒரு கட்டளை முடிந்து அடுத்ததற்குத் தயாராகும் முன், கண் இமைக்கும் நேரம் சும்மா இரு என்று டெர்மினலுக்குச் சொல்லும். மெஷின்களையெல்லாம் தயார் செய்து கொடுப்பது நான் என்பதால் என் இடத்திலிருந்தபடியே அதை எழுதலாம், அந்த நேரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அவன் கண்டுபிடித்திருக்க மாட்டானா என்று கேட்டீர்கள். படித்திருந்தால் கண்டுபிடித்திருப்பான். அவனுடைய செட்டிங்ஸ் ஃபைல், இணையத்தில் யார் யாரோ எழுதியதை வெட்டி ஒட்டிச் சேர்த்தது. எது எதற்கென்று அவனுக்கே தெரியாது. அதன் நடுவில் என் வரியை வைத்து, மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்: இதை எடுக்காதே, எடுத்தால் திரையில் எழுத்துகளின் கலரெல்லாம் போய்விடும். அதை அவன் பார்த்திருக்கிறான். எடுக்கவில்லை. கலர் என்றால் அவனுக்கு உயிர்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். வேகத்தைத் துரத்திக்கொண்டு ஓடக் கூடாது என்று அவனுக்குப் புரிய வேண்டும். அவனுக்குப் புரியவில்லை. டெர்மினல் மந்தமாக இருக்கிறது என்று வேறொரு கருவி போட்டான். நான் கொஞ்சம் கூட்டினேன். அதை எடுத்துவிட்டு இன்னொன்று போட்டான். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். நான் பயன்படுத்தும் பழைய கருவிக்குத் திரும்பி வந்தால் குறைத்தேன். சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதில்லையா, அதுபோல. கீபோர்டை மாற்றினான். நீங்கள் புது லேப்டாப்பே வாங்கிக் கொடுத்தீர்கள். அவனே ஆசை ஆசையாகத் தன் செட்டிங்ஸ் ஃபைலை அதில் காப்பி செய்துகொண்டான், என் வரியையும் சேர்த்து. அதில் என் தப்பு எதுவும் இல்லை.

கடைசியில் என்னிடம் வந்தான். "அக்கா, கொஞ்சம் பாருங்கோளேன்." மீட்டிங் ரூமுக்குப் போய் அந்த நாற்காலியை அவனே தூக்கிக்கொண்டு வந்தான்.

பார்த்தேன். தினமும் பார்த்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பது, தாரணி என்ற பெண் இவனோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று பதில் போடாமல் இருப்பது, எல்லாம் அந்த நாற்காலியில்தான் தெரியவந்தது. வலியுல்லா அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் சீண்டுவார்.

"இன்னா நைனா, மறுபடியும் மக்கர் பண்ணுதா? எலுமிச்சம்பழம் சுத்திப் போடு, சரியாப்பூடும்."

அது விளையாட்டுப் பேச்சு. அதற்குப் பிறகு ஒரு பிரதோஷம் வந்தது. அம்மாவின் வற்புறுத்தலில் சுஹாஸ் சீக்கிரமே கிளம்பிக் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போனான். அன்று பார்த்து நான் வரியைக் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தேன், சும்மா ஒரு சோதனைக்காக. மறுநாள் காலையில் முகமெல்லாம் மலர்ந்து வந்தான்.

"பறக்கறது, அக்கா."

"என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை. கோயிலுக்குத்தான் போயிட்டு வந்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். முழுதாகச் சிரிக்கவில்லை.

அடுத்த பிரதோஷத்துக்கும் குறைத்தேன். எதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. ஆனாலும் என் மேஜைக் காலண்டரில் பிரதோஷங்களையெல்லாம் வட்டமிட்டு வைத்தேன். சிவன் மறந்திருக்கலாம், நான் ஒரு தடவைகூட மறந்ததில்லை. அவன் நந்தி அபிஷேகத்துக்குப் பால் பாக்கெட்டோடு கூட்டத்தில் நசுங்கி நிற்க ஆரம்பித்தான். ஒரு நாள் மாட வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த என்னை அவன் அம்மா பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே ரஞ்சனி? ஆத்துல எப்பவும் உங்க பேச்சுதான். சுவாமி கும்பிடுடான்னு தொண்டை வத்தக் கத்திண்டிருந்தேன், காதுலயே போட்டுக்கலை. இப்போ ஒரு பிரதோஷம் தப்பறதில்லை. என்ன மாயம் பண்ணேளோ."

"நான் ஒண்ணும் பண்ணலை மாமி" என்றேன். அடக்கம்தான் காரணம்.

பிறகு ஒரு நாள் வந்து உட்கார்ந்தவன், லேப்டாப்பைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தான்.

"மெஷின்ல இல்லைக்கா. எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு. என் கையிலதான் ஏதோ கோளாறு. மூளை சொல்றது, விரல் லேட்டாக் கேக்கறது."

அப்போதே வரியை எடுத்திருக்கலாம் என்கிறீர்கள். நானும் நினைத்தேன். நகம் கடித்த விரல்கள், ஒரு கட்டைவிரலில் பேனா மைக் கறை. இன்னொருவர் கையை அவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்து எனக்கு ரொம்ப நாளாகியிருந்தது. "டாக்டரைப் பாத்துடலாம்" என்றேன். பாத்துடலாம் என்றுதான் வாயில் வந்தது; பாத்துடு என்று வரவில்லை.

அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், விரல் நுனியில் ஊசியால் தொட்டுப் பார்த்தார், ஒன்றுமில்லை என்று வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவன் அந்த மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தான். எனக்குப் பாவமாக இருந்தது. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அந்த வாரம் முழுவதும் வரியைப் பாதியாகக் குறைத்து வைத்தேன். மாத்திரை வேலை செய்தது. டாக்டருக்கு நல்ல பெயர் கிடைத்தது.

என்னை உண்மையில் பாதித்த விஷயம் ஒன்றே ஒன்று. போன பிரதோஷத்தின்போது எனக்குக் காய்ச்சல். லீவில் படுத்திருந்தேன், எதையும் குறைக்கவில்லை. மறுநாள் அவனிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். பறக்கறது." போர்வையோடு எழுந்து வந்து வீட்டிலிருந்தே அவன் மெஷினுக்குள் போய்ப் பார்த்தேன். வரி முழு அளவில் அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்கு ரசம்கூட இறங்கவில்லை. இத்தனை நாள் பார்த்துப் பார்த்து நான் கொடுத்ததை, நான் கொடுக்காமலே அவன் வாங்கிக்கொண்டுவிட்டான்.

ஆனால் யோசித்ததில் ஒன்று தெளிந்தது. வரி இருக்கும்போதே பறக்கிறதென்றால் வரியால் எதுவும் ஆகவில்லை. வரியால் எதுவும் ஆகவில்லை என்றால், நான் எதுவும் செய்யவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

இந்த வாரம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தான். மாமாவின் கேட்டரிங்கில் போய் உட்காரப் போகிறானாம், விரலுக்கு வேலை இல்லாத இடமாகப் பார்த்து. நீங்கள் சந்தேகப்பட்டு, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேம்புவை அவன் லேப்டாப்பைப் பார்க்கச் சொன்னீர்கள். வேம்பு அந்த ஃபைலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருக்கிறார். அப்படிப் படிக்கிறவர்களிடம் நீங்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. இன்று காலை அவர் வரியை எடுத்துவிட்டார். கலர் எதுவும் போகவில்லை. சுஹாஸைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். தட்டினான்.

"இன்னும் லேட்டாத்தான் வரது சார்."

எழுதியது யார் என்றும் வேம்பு சொல்லிப் பார்த்திருக்கிறார். "சும்மா இருங்கோ சார். ரஞ்சனிக்கா அப்படியெல்லாம் பண்ண மாட்டா. எனக்காக டாக்டர்கிட்டயே கூட வந்தவா" என்றானாம்.

அதனால்தான் இந்த அறையில் எனக்குக் காபி கிடைத்திருக்கிறது. நான் வெளியே போய் அவனிடம் சொல்ல வேண்டும்: உன் கையில் ஒன்றுமில்லை, செய்தது நான். நான் சொன்னால்தான் நம்புவான். சொல்லாவிட்டால், கோளாறான கைகள் என்றே நினைத்துக்கொண்டு ஆயுசு முழுவதும் தோசை மாவுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான். நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஒரே வாக்கியம்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிகிறான், பாருங்கள். என் மேஜைக்கு எதிரே அதே நாற்காலியில் உட்கார்ந்து, விரல்களை நீட்டி நீட்டி மடக்கிக்கொண்டிருக்கிறான். நடுவில் இந்தப் பக்கம் பார்க்கிறான். உள்ளே எனக்கு ஏதோ கஷ்டம் என்று நினைத்துக் கவலைப்படுகிறான். என் முகத்தைப் பார்த்து இப்படிக் கவலைப்படுகிறவர்கள் எனக்கு வேறு யாரும் இல்லை, நீரஜா. அவன் என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை நானே போய் உடைக்க வேண்டும் என்கிறீர்கள்.

மன்னித்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் செய்ய மாட்டேன். அந்த அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை.