சோப்பு பட்ட தாலிக்கயிறு

2002-இல் ஒரு ஞாயிறு காலை, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் நாற்பதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அந்த அம்மாள் சொன்னார்:

"எலுமிச்சம்பழம் இல்லன்னா அன்னிக்கே எங்கம்மா வூட்டுக்குப் போயிருப்பேன்."

"இன்னா திடீர்னு?"

"கல்யாணமான பத்தாம் நாளு, துணி சோப்பு பட்டு தாலிக்கயித்து மஞ்சள் ரத்தமா செவந்துச்சே. உங்கம்மா அபசகுனம்னு தெருவையே கூட்டிட்டாங்க."

"நான்தானே காப்பாத்துனேன்? சோப்புல காரம் கீது, மஞ்சள்ல பட்டா செவக்கும், புளிப்பு பட்டா சரியாயிடும்னு சொல்லி, எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சேன். மறுபடியும் மஞ்சளாச்சு. அம்மா கப்சிப். நீதான் ஒன்னும் தெரியாம அழுதுகினு நின்ன."

"எல்லாம் தெரியும்யா. நானும் பத்தாவது படிச்சவதான்."

"பின்ன ஏன் வாயைத் தொறக்கல?"

"நீ எனக்காகப் பேசுவியான்னு பாத்தேன். பேசலன்னா கெளம்பிடலாம்னு இருந்தேன்."

கணவர் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அடிப்பாவி! அன்னிக்கு பஸ்ஸு வரலன்னுதான் வேலைக்குப் போவாம வூட்டுக்குத் திரும்புனேன்."