வெட்டாத சிடி

ஒகேனக்கல் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு சம்பந்தியம்மாக்கள்.

"நாம டூர் போன படத்துல, உங்க வூட்டு சிடியில மட்டும் நான் கத்தறனாமே?" என்றார் பச்சைப் புடவைக்காரர்.

"ஆமாங்க. பரிசல் சுத்தனதும் என் முந்தானையப் புடிச்சிக்கிட்டுக் கத்தறீங்க. அப்பறம் ஒரே சிரிப்பு."

"எங்களுதுல மீனு தின்னதும் நேரா பஸ் ஏறிடறோம். அம்மா கத்தறது நல்லாயில்லன்னு பையன் வெட்டிட்டான்."

"எங்களுதுல மீனே இல்லீங்க. நான் ரெண்டாந்தட்டு வாங்கறேன்னு எம்பொண்ணு வெட்டிட்டா."

"அப்ப மாத்திக்கலாங்களா? நான் வாய் வுட்டுச் சிரிச்சு நானே பாத்ததில்லீங்க."

"மாத்திக்கலாங்க. பசங்களுக்குச் சொல்ல வேணாம்."

மலை வளைவில் பஸ் சாய்ந்தது. பச்சைப் புடவைக்காரர் கத்திக்கொண்டே பக்கத்து முந்தானையைப் பிடித்தார்.

"இதே சத்தந்தாங்க, சிடியிலயும்," என்றார் மற்றவர்.