பந்து அறையின் இரும்புக் கதவு

அந்தக் கதவில் ஒரு கோளாறும் இல்லை. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். கீல் துருப்பிடித்திருந்தது, காற்றுக்கு அடித்துச் சாத்திக்கொண்டது என்றெல்லாம் உங்கள் காகிதத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். துருவெல்லாம் இல்லை. விபத்துக்கு மூன்று நாள் முன்னால் நானே எண்ணெய் விட்டேன். உள்ளரங்கத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவரை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்களாம். பாவம், அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. செய்யாத தப்புக்கு ஒருவர் தண்டனை வாங்கக் கூடாது. அதனால்தான் நீங்கள் கூப்பிடுவதற்கு முன்னால் நானே வந்தேன்.

மூன்று நாள் முன்னால் எதற்கு எண்ணெய் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் புரியும். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?

முப்பத்தொரு வருடமாகப் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். திறமையுள்ள பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: அவசரப்படாதீர்கள். பெற்றவர்களுக்கு அது பிடிக்காது. படியில் உட்கார்ந்து போனில் படம் பிடித்துக்கொண்டே, "இன்னிக்கு எம் பொண்ணு எத்தனை பாயிண்ட்டு மேடம்?" என்பார்கள். வாரத்துக்கு மூன்று போட்டி ஆடுகிற பிள்ளை தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்யும். தெரியாததைச் செய்து பார்க்க அதற்கு நேரம் ஏது? அப்புறம் இந்த உயரம். பன்னிரண்டு வயதில் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டால் கூடைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள், நட்டுவைத்த கம்பம் மாதிரி. பதினாறு வயதில் மற்றவர்களும் அதே உயரத்துக்கு வந்துவிடுவார்கள். அப்போது இவளுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் தெரியாது, பார்த்துக் கொடுக்கவும் தெரியாது. எத்தனை பிள்ளைகள் அப்படி வீணாய்ப் போனார்கள் தெரியுமா? அவர்களைப் பற்றி யாரும் விசாரணை வைக்கவில்லை.

என் தம்பி மகளை அப்படி வீணாக்க நான் விடவில்லை. பதின்மூன்று வயதில் எங்கள் பயிற்சி விடுதிக்கு வந்தாள். வந்த அன்றே பிள்ளைகள் அவளுக்கு 'ஒட்டடைக்குச்சி' என்று பேர் வைத்துவிட்டார்கள். "ஏய் ஒட்டடைக்குச்சி, அப்படியே நடந்து வா, கூரையிலே சிலந்தி வலை இருக்கு" என்பார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. "உன் தலையிலதான்டி நிறைய இருக்கு, முதல்ல அதை எடுத்துர்றேன்" என்பாள். நான் அவளைக் கூடைக்கு அடியில் நிறுத்தவில்லை. பந்தைக் கையில் கொடுத்து, ஆட்டத்தை நீதான் நடத்த வேண்டும் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை. வீட்டில் நான் அத்தை, கோட்டுக்கு உள்ளே மேடம். அரங்கத்தின் வாசல்படியைத் தாண்டினால் உறவு வெளியே நிற்க வேண்டும். அவள் அதை ஒருநாளும் மீறியதில்லை. ஒரு நாள் மீறினாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவளுடைய வலது கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பந்து அதில் ஒட்டிக்கொண்டு வரும். மண்டல இறுதிப் போட்டியில் முதல் பாதி முழுக்க அவள் ராஜ்ஜியம்தான். இரண்டாம் பாதியில் எதிரணிப் பயிற்சியாளர் எழுந்து நின்று கத்தினார்: "வலது பக்கத்தை அடைச்சிருங்க! இடது பக்கம் போகட்டும், அங்கே அவளுக்குக் கையே கிடையாது!"

அவ்வளவுதான். ஐந்து தடவை பந்தைப் பறிகொடுத்தாள். நாங்கள் தோற்றோம். தோற்றது எனக்குப் பெரிதில்லை. அந்த வாக்கியம்தான் காதிலேயே நின்றுவிட்டது. அவர் சொன்னது பொய்யும் இல்லை.

தேசிய இளையோர் தேர்வு முகாமுக்கு அன்றைக்குப் பதினேழு வாரம் இருந்தது. பதினாறு வயது முடிந்தால் அந்த முகாமில் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு அடுத்த வருடம் என்பது கிடையாது.

மறுநாளே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். பல் தேய்ப்பது, தலை வாருவது, பூட்டைத் திறப்பது, கதவைப் பிடிப்பது, பொத்தான் போடுவது எல்லாம் இனி இடது கை. பயிற்சியில் வலது கையை ஒரு துண்டால் இடுப்போடு கட்டிவிட்டேன். இதெல்லாம் புதிதில்லை, எல்லா இடத்திலும் செய்வதுதான். ஆனால் துண்டை அவிழ்த்ததும் பழைய கதை. பயிற்சி ஆட்டத்தில் நெருக்கடி வந்தால் பந்து தானாக வலது கைக்குப் போய்விடும்.

"லெஃப்ட் எங்கேம்மா போச்சு?" என்பேன்.

"வருது மேடம். கொஞ்சம் டைம் குடுங்க."

எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற டைம்தான். பதினைந்தாம் நாள் காலை விடுதியின் கைகழுவும் இடத்தைத் தாண்டிப் போனேன். கண்ணாடி முன்னால் நின்று வலது கையால் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் நிற்கவில்லை, கேட்கவும் இல்லை. நான் பார்க்காத நேரத்தில் இவள் ஏமாற்றுகிறாள் என்று தெரிந்துகொண்டேன். முப்பத்தொரு வருட அனுபவத்தில் ஒரு தடவை பார்த்தாலே போதும்.

இப்போது அவளோடு விடுதி அறையில் இருக்கிற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைக்கிள்காரி என்று கூப்பிடுவோம். இரண்டு வருடம் முன்னால் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. சும்மா இருக்க முடியாமல் இடது கையாலேயே தட்டினாள், எறிந்தாள், பிடித்தாள். கட்டுப் பிரித்து வந்தபோது எந்தக் கை நல்ல கை என்று எனக்கே சந்தேகம் வந்தது. சாதாரணமாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை மாநில அணிக்குப் போனாள். என் குறிப்பேட்டில் அன்றே எழுதியிருக்கிறேன். எடுத்துப் பாருங்கள்: "வலது இல்லாத ஆறு வாரம், மூன்று வருடப் பயிற்சிக்குச் சமம்."

மாவுக்கட்டை அவிழ்க்க முடியாத துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் அது.

முகம் சுளிக்காதீர்கள். நான் மிகவும் யோசித்தேன். மணிக்கட்டு வேண்டாம் என்று தீர்மானித்தேன். வளர்கிற வயதில் அங்கே எலும்பு வளரும் இடம் இருக்கிறது, அது கெட்டால் கை குட்டையாகிவிடும். விரல் போதும். மோதிர விரலும் சுண்டு விரலும் என்றால் இன்னும் நல்லது, பந்தை எறிகிற வேலையில் அவற்றுக்குப் பங்கு குறைவு. முகாமுக்கு இன்னும் பதினான்கு வாரத்துக்கு மேல் இருந்தது. எலும்பு கூட ஆறு வாரம், விறைப்பு விட இரண்டு வாரம். அதற்குப் பிறகும் ஆறு வாரம் மிச்சம். அதற்குள் இரண்டு கையும் இரண்டு கையாக இருக்கும்.

எண்ணெய் விட்டது அப்போதுதான். கீல் இறுகியிருந்தால் வேகம் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. சமையலறையிலிருந்து ஒரு காரட் எடுத்துவந்து கதவிடுக்கில் வைத்துச் சாத்திப் பார்த்தேன். இரண்டு துண்டாகிவிட்டது. அவ்வளவு வேண்டாம். இன்னொன்றை வைத்துப் பாதி வேகத்தில் சாத்தினேன். நசுங்கியது, ஆனால் துண்டாகவில்லை. அதுதான் சரி என்று பட்டது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்கப் பெரியவர் ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருப்பார். அதைக் காலால் நகர்த்திச் சுவரோரம் வைத்தவள் நான். அவரைத் திட்டாதீர்கள்.

பயிற்சி முடிந்ததும் பந்துகளை அறையில் போட்டுப் பூட்டுவது தம்பி மகளின் வேலை. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உடம்பை உள்ளே சாய்த்து, உருண்டு வருகிற பந்துகளைக் காலால் உள்ளே தள்ளுவாள். இரண்டு வருடமாக அப்படித்தான். நிலையில் அவள் வலது கை பிடிக்கிற இடத்தில் பெயிண்ட்கூட வழுவழுவென்று ஆகியிருந்தது.

அன்று காலை எட்டு மணி இருக்கும். மற்றவர்கள் தண்ணீர்க் குழாயடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் திறந்திருந்த கதவுக்குப் பின்னால், பந்து வண்டியைச் சரிசெய்வதுபோல நின்றேன். அங்கிருந்து அவள் தெரிய மாட்டாள். கதவின் விளிம்பைத் தாண்டி, நிலையைப் பற்றிய நான்கு விரல்கள் மட்டும்தான் தெரியும்.

"எல்லாம் உள்ள போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்ணு மேடம். அடம் பிடிக்குது."

நான்கு விரல்கள் தெரிந்தன. பாதி வேகம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது முக்காலாகிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். காரட்டுக்கு அளவு தப்பவில்லை.

விபத்து என்று முதலில் சொன்னேன் அல்லவா, அது எல்லாரும் சொல்லிச் சொல்லி வாயில் ஒட்டிக்கொண்டது. அடித்துவிடுங்கள். நான்தான் சாத்தினேன்.

அப்போதுதான் அவள் "அத்தை" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். கோட்டுக்கு உள்ளே அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரே தடவைதான். நான் சுற்றி வந்து பார்த்தேன். கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் திட்டப் போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, அவசர அவசரமாகச் சொன்னாள்:

"லெஃப்ட்லதான் அத்தை பிடிச்சேன். நிஜமா. லெஃப்ட்லதான் பிடிச்சேன்."

ஆமாம். அவள் அணைத்திருந்தது இடது கை. உடம்பைத் திருப்பிக்கொண்டு அதே இடத்தை இடது கையால் பிடித்திருக்கிறாள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன், வந்ததே உண்மை சொல்லத்தானே. முதலில் தோன்றியது சந்தோஷம். பரவாயில்லையே, பட்டியலைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று. ஒரு நொடிதான். பிறகு மற்றதெல்லாம் புரிந்தது.

மருத்துவமனையில் சைக்கிள்காரி என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். "அவ என்னத்தை மேடம் லெஃப்ட்ல செய்யலை? லெஃப்ட்ல தலை வாரிப் பழகறேன்னு என் முடியில பாதியைப் பிடுங்கிட்டா. வலது கை கோவிச்சுக்குமாம், பல்லு மட்டும் ஞாயித்துக்கிழமை ரைட்ல தேய்ப்பா" என்றாள்.

நான் தாண்டிப் போன அன்று ஞாயிற்றுக்கிழமை. காலண்டரில் பார்த்துக்கொண்டேன்.

தம்பி வந்தான். "நீ கூட இருந்ததாலதான்க்கா உடனே தூக்கிட்டு வர முடிஞ்சது. வேற யாராவதா இருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். யார் கேட்டாலும் அவள், "நான்தான் கவனிக்கலை" என்றே சொல்கிறாள். டாக்டரிடம் அப்படித்தான் சொன்னாள், உங்களிடமும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது சரியில்லை. அவள் கவனக்குறைவான பிள்ளை இல்லை. இப்படி ஒரு குறிப்பு அவள் பேரில் இருந்தால் நாளைக்குத் தேர்வுக் குழு என்ன நினைக்கும்? அதையும் அடித்துவிடுங்கள்.

மூன்று விரல்கள். இரண்டு இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முகாமுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எதிரணியார் இனி வலது பக்கத்தை அடைத்தால் போதும், இடது பக்கம் அவளுக்கு உண்மையாகவே கை கிடையாது. ஆனால் வலது கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று நான் ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். அந்தக் கையை இனிப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னைவிட அதைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் முடிந்தால் நல்லது. போகிற வழியில் அவளுக்குக் கனமாக ஒரு மேற்சட்டை வாங்க வேண்டும். நேற்று கட்டுப் பிரித்துக் கூட்டிவரும்போது காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறும்மா" என்றேன். இரண்டு கையையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி, நான் கதவை விட்டு நாலடி தள்ளிப் போகும்வரைக்கும் ஏறாமல் நின்றாள்.

குளிர்கிறது போலிருக்கிறது. மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எதற்குக் குளிரும் என்று யாருக்குத் தெரியும்?