இடப்பக்கம் திரும்புற காலு

உக்காரு அன்பு, மொதல்ல உக்காரு. வந்தவன் வாசப்படியில நின்னுக்கினு உள்ள எட்டி எட்டிப் பாத்தா நல்லாவா இருக்குது? நான் இன்னா அயலா? உங்க பெரியம்மா ஊட்டு மூத்த மருமவ, உனக்கு அண்ணி. ஒரு டீ குடிச்சிட்டுப் போனா உன் மானம் ஒண்ணும் கொறஞ்சிடாது.

சுமலதாவா? இருக்கறா. பின்னாடி பாத்ரூம்ல எண்ணெ தேச்சிக் குளிக்கறா. ஆடி வெள்ளியாச்சே. தண்ணி சத்தம் கேக்குது பாரு. கேக்கலியா? ஜி.என்.டி. ரோட்டு லாரி சத்தத்துல உனக்குக் காது போயிடுச்சு. நல்லா கேளு. ஆங், அதான்.

போன எடுக்கலன்னா? குளிக்கற பொம்பள போனையும் கையில வெச்சிக்கினா குளிப்பா? சரவணனுக்குத்தான் அறிவு இல்ல, கம்பெனியில ஷிஃப்டுல நின்னுக்கினு நிமிஷத்துக்கு ஒரு தரம் பொண்டாட்டிக்கு போன் அடிக்கறான். உனக்குமா இல்ல? கதவத் தட்டறியா? போய்த் தட்டு. சீயக்காயும் தானுமா நிக்கற பொம்பள கதவ கொழுந்தன்காரன் போய்த் தட்டினான்னு தெரு பூரா பேசட்டும்.

ம். அதான் உக்காருன்னேன்.

வாசல்ல செருப்பு பாத்தியா? நீல வாரு வெச்சது. அவளோடதுதான். செருப்பு இங்க கெடக்குது, ஆளு எங்க போயிடுவா?

நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியாதா இன்னா. காத்தாலருந்து ஜங்ஷன்ல பைக்கப் போட்டுக்கினு நீ காவல் காக்கறது புதுவாயலுக்கே தெரியும். பூக்காரி வந்து சொல்லிட்டுப் போறா, உங்க ஊட்டு ஆளு ஒருத்தரு பஸ் ஏறுற பொம்பளைங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கினு நிக்கறாரு, ஒதை வாங்கப் போறாருன்னு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மெட்ராஸ்ல போயி வேலையில சேரலன்னா அந்த கோச் வேலை அவளுக்கு இல்ல, அடுத்தவளுக்குப் போயிடும். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல பொண்ணுங்களுக்கு ஓடக் கத்துக்குடுக்கற வேலை. அங்கியே தங்கறதுக்கு ரூமு. அந்த ரூமுதான் உங்களுக்கெல்லாம் பேஜாரு. இன்னிக்கு ஒரு நாளத் தாட்டிட்டா போதும்னு சொல்லிட்டுத்தான உங்க பெரியம்மா பெரியபாளையம் கோயிலுக்கு வண்டி ஏறிச்சு? உள்ள காவலுக்கு நானு, வெளிய காவலுக்கு நீ. அப்பால இன்னா பயம்? டீயக் குடி. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்.

முறுக்கு எடுத்துக்கோ. அட எடு.

அவளப் பத்தி உனக்கு இன்னா தெரியும், சொல்லு பாப்பம். மெடலு. அவ்ளோதான? டிவிக்குப் பக்கத்துல கண்ணாடி ஷோகேஸ், உள்ள லைட்டு வேற. வர்றவங்களுக்கெல்லாம் உங்க பெரியம்மா லைட்டப் போட்டுக் காட்டும், எங்க சின்ன மருமவ இண்டியாவுக்கே ஃபர்ஸ்ட்டுன்னு. காட்டிட்டு உள்ள திரும்பி, ஏய், சுண்டலுக்கு உப்பு போட்டியாடின்னு ஒரு சவுண்டு. மெடலு ஊட்டுல இருக்கணும், ஓடுன காலு அடுப்பாண்ட இருக்கணும்.

எப்படி ஓட ஆரம்பிச்சா தெரியுமா? கேட்டா சிரிப்ப. பள்ளிப்பட்டுப் பக்கம், ஆந்திரா எல்லையில, நெல்லுக் கழனி வெச்சிருக்கற குடும்பம். அப்பன் முனுசாமி. நைனான்னுதான் கூப்பிடுவா. ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே. நூறு மீட்டருக்கெல்லாம் அடிச்சிக்கினு பேரு குடுத்திருக்காளுங்க. எண்ணூறுக்கு ரெண்டே பேரு. மூணாவது பிரைஸு ஒரு ஹாட் பாக்ஸு. இவளுக்கு அது மேல கண்ணு. மூணு பேருல மூணாவதா வந்தா போதுமேன்னு போயி நின்னிருக்கறா. மெதுவாத்தான் ஓடினேன்க்கா, மத்த ரெண்டு பேரும் அதவிட மெதுவா ஓடினா நான் இன்னா பண்றதுன்றா. ஃபர்ஸ்ட் வந்துட்டா. அதுக்கு ஒரு டிக்ஷனரி குடுத்தாங்களாம். ஹாட் பாக்ஸ் போச்சேன்னு ஊடு வரைக்கும் அழுதுக்கினு போயிருக்கறா.

அங்க ஆரம்பிச்சது, டிஸ்ட்ரிக்ட்டு, ஸ்டேட்டு, நேஷனல்னு போயிடுச்சு. எண்ணூறும் ஆயிரத்தைந்நூறும். நைனா ஒரு கன்னுக்குட்டிய வித்து ஷூ வாங்கிக் குடுத்தாரு.

இன்னும் ஒரு முறுக்கு. பல்லுக்கு வலிக்குதா? இந்த வயசுலயேவா?

நேஷனல்ல அவ ஜெயிச்ச ரேஸு வீடியோ இருக்குது. நீ பாத்திருக்க மாட்டே. நான் எத்தினி தரம் பாத்தேன்னு எனக்கே தெரியாது. மாமியாரு மத்தியானம் படுத்துக்கினப்புறம், கொல்லையில அம்மிக்கல்லு மேல உக்காந்து ரெண்டு பேரும் பாப்போம். கடைசி ரவுண்டுல இவ உள்பக்கம் மாட்டிக்கினா. முன்னால ஒருத்தி, பக்கத்துல ஒருத்தி, பின்னால ஒருத்தி. நடுவுல இவ. பாக்ஸுன்னு சொல்லுவாங்களாம் அத. பாக்கறப்போ எனக்கே மூச்சு முட்டும். தெரிஞ்ச ரேஸுதான், ஜெயிக்கப் போறான்னும் தெரியும், ஆனாலும் முட்டும். திடீர்னு ஸ்லோ ஆயிடுவா. காலு செத்துப் போன மாதிரி. அவ்ளோதான், முடிஞ்சாள்னு தோணும். மூணு பேரும் முன்னால போயிடுவாளுங்க. அப்பால வெளிப்பக்கமா சுத்திக்கினு வருவா பாரு. யப்பா.

ஏண்டி ஸ்லோ ஆன, இடிச்சித் தள்ளிக்கினு வர வேண்டியதுதானேன்னேன். தள்ளினா ஃபவுலுக்கா, மாட்டிக்கினவ கொஞ்சம் பின்னால வரணும், நம்மள விட்டுட்டாங்கன்னு அவளுங்க நெனைக்கணும், அப்பதான் வழி கெடைக்கும்னா. நான் கான்வென்ட்ல படிச்சவ. வராண்டாவுல ஓடினாலே சிஸ்டருங்க முட்டி போட வெப்பாங்க. பொண்ணுன்னா நடக்கணும், சத்தமில்லாம நடக்கணும். இங்கிலீஷு அழகா சொல்லிக் குடுத்தாங்க, டிபேட்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு. அந்த இங்கிலீஷ வெச்சி இந்த ஊட்டுல மாமியாரோட மாத்திரை அட்டைய வாசிச்சிக்கினு கெடக்கறேன். சரி, என் கதைய உடு.

மணி பாக்காத. அவ முடிய நீ பாத்ததில்ல? அலசறதுக்கே அர நாளாவும்.

உங்க அண்ணன் சரவணன் நல்லவனாத்தான் வந்தான், இல்லன்னு சொல்லல. பேப்பர்ல போட்டோ பாத்துட்டு, கட்டினா இவளத்தான் கட்டுவேன்னான். கல்யாணத்துக்கு ஜங்ஷன்ல வெச்ச ஃப்ளெக்ஸு ஞாபகம் இருக்குதா? நீதான அடிச்சே? தங்க மங்கையே வருகன்னு. அவ ஓடற போட்டோ. அதுல கூட ஷார்ட்ஸுக்குக் கீழ முட்டி வரைக்கும் ரோஜாப்பூ வெச்சி மறைச்சிட்டே. நான் அன்னிக்கே நெனைச்சேன். வந்தவ காலு மேல பூவ வெச்சிட்டானுங்கடான்னு.

அதே மாசம்தான் இண்டியா கேம்ப்புக்குக் கூப்டாங்க. கல்யாணம் முடிஞ்சி போவலாம்னீங்க. முடிஞ்சுது. ஒரு கொழந்த பொறக்கட்டும்னீங்க. பொறக்கல. சும்மா இருந்தா காலு மரத்துடும்னு, விடியறதுக்கு முன்ன எழுந்து சிப்காட் ரோட்டுல ஓடிட்டு வருவா. இரும்புக் கம்பெனி வாசல்ல ஷிஃப்ட் முடிஞ்சி வர்ற பீகார்ப் பசங்க கை தட்டுவானுங்களாம், தீதி தீதின்னு. அக்கான்னு அர்த்தம் அதுக்கு. எவனோ வீடியோ எடுத்து உட்டான். நீதான அத உங்க அண்ணனுக்கு அனுப்பிச்ச? தலைய ஆட்டாத, எனக்குத் தெரியும். அன்னியோட அதுவும் நின்னுது. ஷூவ உங்க பெரியம்மா பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டேன்னு சொல்லிச்சு. வெங்காயத்துக்கு.

அப்புறம்தான் போன ஆடியில பெரியபாளையம். நீயும் வந்திருந்த இல்ல? வேன்ல முன் சீட்டு நீதான். கொழந்தைக்கு வேண்டிக்கினு வேப்பஞ்சேலை கட்டி, கையில தேங்காயோட கோயில மூணு சுத்து. புடவை மேல வேப்பில கட்டிக்கினு, தலையில தண்ணி ஊத்தி உட்டாங்க. எல்லாப் பொம்பளைங்களும் சாமிய வலக்கைப் பக்கம் வெச்சிக்கினு சுத்தறாங்க. இவ மட்டும் சாமிய இடக்கைப் பக்கம் வெச்சிக்கினு எதுத்தாப்புல வர்றா! ஒரு சுத்து பூரா போயிட்டா. ஜனங்க விலகறாங்க, பூசாரி கத்தறாரு, உங்க பெரியம்மா மார்ல அடிச்சிக்குது. அப்பிரதட்சணமா சுத்தினவ வயித்துல எப்படிடி புழு பூச்சி தங்கும்னு அங்கியே வெச்சி ஒரு அறை. ஈர வேப்பிலையோட நின்னா. கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல.

ராத்திரி நான் கேட்டேன், இன்னாடி ஆச்சுன்னு. தெரியலக்கா, கும்பலு, வட்டமா ரோடு, வெறுங்காலு, சுத்துன்னாங்க, காலு தானா இடப்பக்கம் திரும்பிடுச்சுன்னா. கிரவுண்டுல அப்படித்தானாம். உலகம் பூரா இடப்பக்கமாத்தான் சுத்துவாங்களாம். பள்ளிக்கூடத்துலருந்து அந்தப் பக்கமாவே ஓடுன காலு. சாமிக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியல.

அதுக்கப்பால நடந்தத நீ பாத்தே. சமையலுக்கு உப்பு கொறஞ்சாலும் அப்பிரதட்சணம், மோட்டாரு ரிப்பேர் ஆனாலும் அப்பிரதட்சணம். கோச் வேலைக்கு ஆர்டர் வந்தன்னிக்கு உங்க அண்ணன் வாசக் கதவுக்குப் புதுசா ஒரு பூட்டு வாங்கிக்கினு வந்தான். ஏன்டா, திருடன் பயமான்னேன். பூட்ட மாட்டி ரெண்டு தரம் இழுத்துப் பாத்துட்டுப் போயிட்டான்.

ஆனா ஒண்ணு. இந்த ஒரு மாசமா சுமலதா எப்படி இருந்தா, கவனிச்சியா? வேலை வேணாம் அத்தைன்னுட்டா. போன புருஷன் கையிலயே குடுத்துட்டா, தேவைன்னா நீயே குடுன்னு. நம்பிக்கை வந்து அவனே திருப்பிக் குடுத்துட்டான். மாமியாருக்குக் காலு அமுக்கறா. வஞ்சிரம் வறுக்கறா. தலையில கனகாம்பரம். பெரியபாளையத்து ஆத்தா பவானியம்மா புத்தி குடுத்துட்டான்னு, நன்றி சொல்லத்தான் இன்னிக்கு உங்க பெரியம்மா பொங்க வெக்கப் போயிருக்குது. போற அவசரத்துல பூட்டு சாவிய என் கையில குடுத்துட்டுப் போச்சு. நான்தான் மூத்த மருமவ ஆச்சே, பேசற பேச்சுக்கு யாரையும் தாண்ட உட மாட்டேன்னு ஒரு நம்பிக்கை. நான் கூட ஒரு நாளு கேட்டேன், ஏண்டி இப்படி ஸ்லோ ஆயிட்டேன்னு. சிரிச்சா.

கேட்டுச்சா? ஹாரனு. லாரி இல்லப்பா, யூனிட்டு ரயிலு. கும்மிடிப்பூண்டியிலருந்து மெட்ராஸ் போறது. காத்து இந்தப் பக்கம் அடிச்சா கவரப்பேட்ட ஸ்டேஷன் சத்தம் நல்லா கேக்கும். ரயிலு கெளம்பிடுச்சு.

கொஞ்சம் இரு, பாத்ரூம்ல கொழாய மூடிட்டு வந்துடறேன். அப்போலருந்து சும்மா ஊத்திக்கினு இருக்குது. டேங்கு காலியாயிடும்.

ஏன் எழுந்துட்டே? கதவு தொறந்துதான் இருக்குது, போய்ப் பாரு. எண்ணெக் கிண்ணம் கூட இல்ல. செருப்பு இருக்குதேன்னா? செருப்பு போட்டுக்கினு யாராவது ஓடுவாங்களா? ஷூவ வெங்காயத்துக்குப் போட்டது நெசந்தான். அந்த வெங்காயத்த மறுநாளே சாமான்காரன் தலையில கட்டி ஷூவத் திருப்பி வாங்கினவ நானு. அரிசி ட்ரம்முல அடியில கெடந்துது இத்தினி நாளும்.

ஜங்ஷன்ல நீ கண்ணக் கொட்டாமதான் பாத்தே, யாரு இல்லன்னா? பஸ்ஸோ ஆட்டோவோ எல்லாம் அந்த வழியாத்தான் போவணும். வாசல்ல எறங்கி வலப்பக்கம் திரும்பினா நீ. இடப்பக்கம் திரும்பினா ஏரிக்கரை. கரை மேல ஸ்டேஷனுக்கு நடந்து போனா பாதி நாளு ஆவும், எவளும் போவ மாட்டான்னுதான அந்தப் பக்கம் ஆளு போடல? நடந்தா ஆவும். பத்து வருஷமா ஊரு பூரா, எங்க மருமவ ஓடுவா ஓடுவான்னு லைட்டப் போட்டுக் காட்டினீங்க. அவ ஓடுவான்னு உங்கள்ல ஒருத்தனுக்கும் தோணல பாரு.

சரவணனா அடிக்கறான்? குடு போன. நானே சொல்றேன்.