ஒரே கோட்டில் ரெண்டு சர்வர்

சிட்டு: இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் அண்ணி.

அண்ணி: மெதுவா... கதவு திறந்திருக்கு. இங்க நான் மேடம்.

சிட்டு: சரிங்க மேடம். காலைல எனக்குத் தலை பின்னிவிட்ட மேடம்.

அண்ணி: விளையாடாத சிட்டு. நாத்தனார் தயவுல வந்தவள்னு ஆபீஸ்ல ஒருத்தரும் சொல்லக் கூடாது.

சிட்டு: சொல்ல மாட்டாங்க. ஆனா நேத்து நம்ம ரெண்டு சர்வரோட வேகத்தை நான் அளந்தது சரியில்ல.

அண்ணி: அளந்தாச்சு, நீ ஜெயிச்சாச்சு. ஆஸ்பத்திரி டோக்கன் சைட்டுக்கு உன் சர்வர்தான். குழந்தைக்கு அப்புறம் வேலைக்கு வந்தவளுக்கு இந்த ஒரு வாய்ப்புதான் கொடுத்தாங்க, அது போச்சு. வீட்டுக்குப் போய்...

சிட்டு: இருங்க, முழுசா கேளுங்க. என்னோட சர்வர் காலையிலேர்ந்து ஓடிட்டே இருந்துச்சு. உங்களுதை ஸ்டார்ட் பண்ண கையோட அளந்துட்டேன். உங்களுது ஜாவாவுல எழுதினது, கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறினாத்தானே வேகம் பிடிக்கும்? கொட்டாவி விட்டுட்டு இருக்கிறவங்களைப் பந்தயத்துல ஓட விட்ட மாதிரி ஆயிடுச்சு.

அண்ணி: எனக்காக விதியை வளைக்காத.

சிட்டு: வளைக்கல, நிமிர்த்துறேன். ரெண்டையும் நிறுத்திட்டுப் புதுசா ஆரம்பிப்போம். சூடேற ரெண்டுக்கும் ஒரே நேரம், அது கணக்குல சேராது. மெமரியும் ஒரே அளவு.

அண்ணி: நேத்து ஒரே அளவு இல்லையா?

சிட்டு: ...என்னுதுக்கு ரெண்டு மடங்கு இருந்துச்சு.

அண்ணி: அடிப்பாவி.

சிட்டு: சத்தியமா கவனிக்கல. நம்மளுதுன்னு வந்தா கண்ணு தெரியுமா?

அண்ணி: சரி, ஓட்டு. சோதனைக்காக டோக்கன் கேட்டுக் கூட்டத்தை அனுப்புற புரோகிராம், சர்வர் ஓடுற மெஷின்ல வேண்டாம், வேற மெஷின்லேர்ந்து அனுப்பு. ரெண்டும் ஒரே சோத்துக்கு அடிச்சுக்கக் கூடாது.

சிட்டு: அப்படிச் சொல்லுங்க. இப்பதான் என் அண்ணி.

அண்ணி: மேடம்.

சிட்டு: மேடம்.

அண்ணி: ...முடிஞ்சுதா?

சிட்டு: உங்களுது நேத்தைக்கு எவ்வளவோ தேவலை. ஆனா கூட்டம் ஏற ஏற என்னுது இன்னும் வேகமாகுது.

அண்ணி: அப்புறம் என்ன... விடு.

சிட்டு: எப்படி விடறது? கூட்டம் ஏறினா எதுக்கும் மூச்சு வாங்கணும். இதுக்கு மட்டும் ஏன் வாங்கல? பொறுங்க, என்ன பதில் அனுப்புதுன்னு திறந்து பார்க்கிறேன்.

அண்ணி: ம்...

சிட்டு: ஐயோ.

அண்ணி: என்ன போட்டிருக்கு?

சிட்டு: "மன்னிக்கவும், இப்போது டோக்கன் தர இயலாது." பாதிக்கு மேல இதேதான். இதையும் பதில்னு எண்ணியிருக்கேன்.

அண்ணி: இல்லைன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்...

சிட்டு: நோயாளி முகத்துல கதவைச் சாத்துற வேகத்தை அளந்து பெருமைப்பட்டிருக்கேன். சிரிக்காதீங்க.

அண்ணி: சிரிக்கலடி. சரி, கொஞ்சம்.

சிட்டு: டோக்கன் கிடைச்சதை மட்டும் எண்ணுறேன்... கூட்டம் கம்மின்னா என்னுது முந்துது. காலைல ஆள் மொய்க்கிற நேரத்துக்கு உங்களுதுதான். கொஞ்சம் காக்க வைக்குது, யாரையும் திருப்பி அனுப்பல.

அண்ணி: எதை முதல்ல ஓட்டுறதுங்கிற வரிசையை மாத்தி ஓட்டிப் பாரு.

சிட்டு: ...மாத்தியும் அதேதான். ஆமா, நீங்க ஏன் ஆச்சரியப்படவே இல்ல?

அண்ணி: நேத்து கூட்டம் ஏறினப்போ உன் சர்வர்ல நானே ஒரு டோக்கன் கேட்டுப் பார்த்தேன், இதே மன்னிக்கவும்தான் வந்துச்சு.

சிட்டு: பார்த்துட்டா சாயங்காலம் கட்டிப்பிடிச்சு வாழ்த்து சொன்னீங்க?

அண்ணி: தோத்தவ சொன்னா சாக்குன்னுதான் காதுல விழும். அதோட... சண்டை வந்தா உங்கண்ணன்கிட்ட பேசாம இருந்துடுவேன். உன்கிட்ட முடியாது.

சிட்டு: டோக்கன் கிடைக்காதவங்க?

அண்ணி: அவங்களை நினைச்சுத்தான் மனசு கேட்கல. இன்னிக்கு முடிவு சொல்ற மீட்டிங்குக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடணும்னு வந்தேன், நீ முந்திக்கிட்ட. நல்லவேளை, நேத்தைய முடிவு மேனேஜருக்குப் போகல.

சிட்டு: ...நேத்தே அனுப்பிட்டேன்.

அண்ணி: போச்சு. இப்ப மாத்திச் சொன்னா, நாளைக்கு நாம ஒரே வீடுன்னு தெரிஞ்சா, சொந்தக்காரிக்கு விட்டுக்கொடுத்துட்டாள்னு பேசுவாங்க. முதல்ல அந்தக் கதவைச் சாத்து.

சிட்டு: திறந்தே இருக்கட்டும். ஜெயிச்ச அவசரத்துல தப்பா அளந்துட்டேன்னு காலையிலயே அவருக்கு எழுதிட்டேன். எப்படி அளக்கப் போறோம்னு முழுசா போட்டிருக்கேன், அவரே ஓட்டிப் பார்த்துக்கட்டும். கடைசி வரியில, அந்த மேடம் என் அண்ணின்னும் எழுதியிருக்கேன்.