லிஃப்ட் ஐயா படத்தின் இடது ஓரம்

பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு ஓர் அவசர அறிவிப்பு. எதிர்க் கட்டிடத்தின் மூன்றாவது மாடி, இன்றும் இரண்டாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவிலேயே இருக்கிறது. யாரும் பதற்றமடைய வேண்டாம்.

தலைமையாசிரியர் அவர்களே, தயவுசெய்து முறைக்காதீர்கள். இந்த அறிவிப்பு என்னுடையது இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாகத் தினமும் காலையில் லிஃப்ட் கதவு மூடியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் லிஃப்ட் ஐயா வாசித்த அறிவிப்பு அது. மூன்று வாரமாக அதை வாசிக்க ஆளில்லை. அதனால் நான் வாசித்தேன்.

மேடையில் வீற்றிருக்கும் ஒளிப்பட ஆசிரியர் அவர்களே, எதிர்க் கட்டிடத்தின் மேலாளர் அவர்களே, ஆறு மாடிகளையும் காலி செய்துவிட்டு வந்திருக்கும் அலுவலகப் பெருமக்களே, கடைசி வரிசையில் சிரிப்பை அடக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் என் வகுப்புத் தோழர்களே! முன்வரிசையில், பணி முடிந்து சீருடையோடு நேராக வந்திருக்கும் ஐயாவின் மகளே, எங்கள் நர்ஸ் அக்காவே! எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் அக்காவை அழைக்க எங்கள் ஒளிப்பட சாரும் நானும் மருத்துவமனைக்குப் போயிருந்தோம். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கண்டிப்பா வர்றேன் சார். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. எங்கிட்ட தினம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு, உங்க பசங்ககிட்ட மட்டும் 'எனக்கு யாருமில்ல'ன்னு அப்பா ஏன் சொன்னாரு? கடைசி வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டுப் போனாரா?"

சார் தரையைப் பார்த்தார். நான் சாருடைய செருப்பைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மைக்கைக் கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

ஐயா யார்? இரங்கல் கூட்டங்களில் எல்லோரும் சொல்வார்கள், "எத்தனையோ பேரை வாழ்க்கையில் உயர்த்தியவர்" என்று. இவரை அப்படிச் சொன்னால் அது புகழ்ச்சி இல்லை, வேலை விவரம்! ஒரு நாளைக்கு நானூறு பேரை உயர்த்தினார். அதே நானூறு பேரை மரியாதையாக இறக்கியும் விட்டார். உயர்த்துகிற பெரியவர்கள் ஊரில் நிறைய உண்டு. பத்திரமாக இறக்கிவிடுகிறவர்கள் எத்தனை பேர்? நேர்காணலுக்கு வந்து வியர்த்துப்போய் நிற்கிற பிள்ளையிடம், "அஞ்சாவது மாடிதானே? அந்த அதிகாரிக்கும் லிஃப்ட்ல போகப் பயம், தினம் என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் வர்றாரு" என்று சொல்லி அனுப்புவார். அந்த அதிகாரி இங்கே இருக்கிறார். சிரிக்கிறார். ஆக, உண்மைதான் போலிருக்கிறது!

எங்கள் வகுப்புக்கும் அவருக்கும் எப்படிப் பழக்கம்? போன ஆண்டு, சமூகப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆளுக்கு எட்டுப் படத்தில் ஓர் ஒளிப்படக் கட்டுரை செய்யச் சொன்னார் சார். முப்பது பேர் கேமராவோடு புறப்பட்டோம். பதினொரு பேர் பள்ளி வாசலில் இருக்கும் அதே குப்பைத்தொட்டியை எடுத்துவந்தார்கள். நகரத்திலேயே அதிகமாகப் படமெடுக்கப்பட்ட பிரமுகர் அந்தத் தொட்டிதான். ஒருத்தி தண்ணீர்ப் பஞ்சத்தை எடுக்கப் போய், கேமராவைத் தண்ணீரில் போட்டாள்.

நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'முதுமையின் தனிமை'. என் எட்டாவது படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கருப்பு வெள்ளை. பின்பக்கப் படிக்கட்டில் ஒரு முதியவர், மடியில் திறந்த சாப்பாட்டு டப்பா, ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை, இறுக மூடிய கண்கள். கீழே ஒரு வரி: "'எனக்கு யாருமில்லை தம்பி' என்றார், கண்கள் கலங்க." பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் சிறந்த கட்டமைப்புக்கான, அதாவது படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பதற்கான, முதல் பரிசு! கேடயம் இதே மேடையில்தான் கொடுத்தார்கள். அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மனம்விட்டுப் பேசவைத்து, அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து எடுத்தேன் என்று நானும் போகிற இடமெல்லாம் சொன்னேன். என் தங்கைக்கு அந்தக் கதை மனப்பாடம்.

கண்காட்சிக்கு வந்தவர்களில் ஒருவர், அக்காவோடு அதே வார்டில் வேலை செய்பவர். மறுநாளே கேட்டுவிட்டார்: "அது உங்க அப்பாதானே? பெத்தவரை இப்படியா விடுறது?" வார்டு முழுக்கப் பரவியது. அக்கா பள்ளிக்கு வந்தார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "இது எங்க அப்பா" என்று மட்டும் சாரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யாருமில்லாதவருக்கு மகள் எங்கிருந்து வந்தாள் என்று சாருக்குச் சந்தேகம் வந்தது. ஐயாவையே வரவழைத்தார். என்னையும் பக்கத்தில் நிறுத்தினார். "ஐயா, இந்த வரி நீங்க சொன்னதுதானா? இல்லேன்னா சொல்லிடுங்க. பரிசைத் திருப்பிக் குடுத்துட்டு, இவனை வகுப்பைவிட்டு எடுத்துடுவேன்."

ஐயா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கதவு எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்ததையும் பார்த்தார்.

"ஆமா சார்," என்றார். "ஏதோ பேச்சுவாக்குல சொல்லியிருப்பேன். வயசாச்சுல்ல."

மறுநாள் அவருடைய லிஃப்டில் ஏறினேன். எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

"எத்தனாவது மாடி?"

"எதுவும் வேணாம் ஐயா. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"ஆறுன்னு வெச்சுக்குவோம்." பொத்தானை அழுத்தினார். "உங்க சார் கோவம் ஆறாதுடா. என் பொண்ணு கோவம் ரெண்டு நாள்ல ஆறிடும். நான் கணக்கு போட்டுதான் சொன்னேன்."

"அக்கா நம்பிட்டாங்கன்னா?"

"அவளா? மூணு வயசுல நான் நிலாவை லிஃப்ட்ல ஏத்திவிட்டேன்னு சொன்னதையே நம்பாதவ. நீ வாயைத் தொறக்காதே, நான் பாத்துக்கறேன்."

அந்தக் கணக்கு தப்பாகிவிட்டது, அக்கா. உண்மையை உங்களிடம் அவரே சொல்லிப் பார்த்தார். "அந்தப் பையனைக் காப்பாத்துறதுக்காகச் சொல்றீங்கப்பா" என்று நீங்கள் நம்ப மறுத்துவிட்டதாக, நாலாவது மாடியைக் கடக்கும்போது ஒருநாள் என்னிடம் சொன்னார். மதிய இடைவேளையில் நீங்கள் அவரோடு போனில் பேசுவது நின்றுபோகவில்லை. "சாப்பிட்டீங்களா? சரி, வெச்சிடறேன்" என்று சுருங்கிப்போனது. அதையும் ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "இப்பல்லாம் சாப்பாடு சீக்கிரம் முடிஞ்சிடுது தம்பி."

அன்றே ஓடிவந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டாமா நான்? மருத்துவமனை வாசல்வரை மூன்று முறை வந்தேன். மூன்று முறையும், வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, வாசலில் இருந்த மெஷினில் எடை பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் சொல்லலாம், தேர்வு முடியட்டும், கேடயத்தை எப்படியாவது தொலைத்துவிட்டுச் சொல்லலாம்... ஆறு மாதம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது வாசலிலேயே ஐயா சாய்ந்துவிட்டார். அதற்கு அடுத்த வாரம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது.

ஐயா! பத்தொன்பது ஆண்டுகளில் ஒருவரையாவது இரண்டு மாடிக்கு நடுவில் தவிக்கவிட்டீர்களா நீங்கள்? உங்களைத் தவிக்கவிட்டுவிட்டோமே!

எங்கள் வகுப்பு இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் உறுதி எடுக்கிறது. இனி ஒரு படம் சுவருக்குப் போகும் முன், படத்தில் இருப்பவரின் கைக்குப் போகும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் வாய் சொல்லாத ஒரு சொல்லை எங்கள் பேனா சொல்லாது. அவருக்குப் பிரச்சினை இருக்கிறதா இல்லையா என்பதை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வோம். குப்பைத்தொட்டிக்கு மட்டும் விலக்கு. முப்பது பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது. அதைப் போட எனக்குத் தகுதி இருக்கிறதா என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

அந்த அரை மணி நேரப் பேட்டி நடக்கவேயில்லை. நான் ஐயாவுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. தெருவைக்கூடத் தாண்டவில்லை. மதிய வெயிலுக்குச் சோம்பல்பட்டு, எங்கள் இரண்டாவது மாடி வராந்தாவில் நின்றுகொண்டு, ஜூம் போட்டு எடுத்தேன். அந்த வரியை அவர் சொல்லவில்லை. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து நானே எழுதினேன். 'கண்கள் கலங்க' என்பதைச் சேர்த்தபோது எனக்கே புல்லரித்தது.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்ட அன்று, லிஃப்டில் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆறாவது மாடி வந்து கதவு திறந்ததும் கேட்டார்: "அது கிடக்கட்டும். என் போன் எங்கடா போச்சு?"

அக்கா, இந்த உறைக்குள் அந்தப் படம் இருக்கிறது. வெட்டாதது. கலரில். எடுத்த நேரம் பின்னால் எழுதியிருக்கிறது: மதியம் ஒன்று பன்னிரண்டு. இடது ஓரத்தில், அவருக்குப் பக்கத்துப் படியில், டப்பா மூடிமேல் சாய்த்துவைத்த போன். லிஃப்டுக்குள் சிக்னல் கிடைக்காது, ஒரு கை சாப்பாட்டில் இருக்கிறது, அதனால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காதை அந்தப் பக்கம் சாய்த்திருக்கிறார். கண்ணை இறுக மூடியிருப்பது அழுகையால் இல்லை. நீங்கள் ஏதோ சொல்லியிருக்கிறீர்கள், விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் போன் இருந்தால் தனிமை இல்லையே என்று, இடது ஓரத்தை வெட்டினேன்.

சிறந்த கட்டமைப்பாம். நான் கட்டியதென்று அதில் எதுவும் இல்லை, அக்கா. வெட்டியது மட்டும்தான் நான்.